உத்திரத்தில் தொங்கிய குடுமிகள்

“அந்த ஆளுக்கு ஞானஸ்நானம் குடுக்கப்படாது ஐயா. சொல்லிட்டேன்.”

வந்ததும் வராததுமாக ஞானசிகாமணி உபதேசியார் சொன்னது இதைத்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவர் சபை நடத்தும் சீயோன்விளையிலிருந்து ஐயர் இருக்கும் மேட்டாங்குளத்துக்குத் தேரிக்காடு வழியாகத்தான் நடந்து வரவேண்டும். சித்திரை வெயில். செம்மணல் செருப்பையும் மீறிச் சுட்டது. அந்தச் சூடு காலில் ஏறி அவருடைய தலையில் போய் உட்கார்ந்திருந்தது.

அருமைநாயகம் ஐயர் கிணற்றடியில் சோற்றுப்பானை தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரர்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். உபதேசியாரைவிட அவருக்கு வயது குறைவு. ஆனால் தலை முழு வழுக்கை. உபதேசியாருக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

“எந்த ஆளுக்கு?”

“பேச்சிமுத்துக்கு. பனையேறி.”

“என்ன செஞ்சாரு? குடிக்காரா?”

“இல்ல.”

“பெஞ்சாதியை அடிக்காரா?”

“அதெல்லாம் இல்ல.”

“மாடனுக்குக் கெடா வெட்டுதாரா?”

“அதை விட்டு ஒரு வருசமாச்சு ஐயா. அதனால அவன் ஆளுக அவனைக் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சேக்கிறதில்ல. ஊர்க்கிணத்துல தண்ணிகூட எடுக்க விடுறதில்ல.”

“பெறவு என்ன?”

“குடுமி வச்சிருக்கான் ஐயா!”

ஐயர் பானையைக் கவிழ்த்துப்போட்டு அடிக்கரியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

உபதேசியாருக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பானை என்ன பானை?

“அஞ்ஞான அடையாளம்னு சபையில எல்லாரும் வெட்டியாச்சு. நானே கத்தரிக்கோல் பிடிச்சேன். இவன் ஒருத்தன் மாட்டேங்கான். ஏசுசாமி வந்து வெட்டச் சொன்னா வெட்டுதேன், நீங்க சொல்லி வெட்டமாட்டேங்கான். திமிரைப் பாத்தீங்களா?”

“கோயிலுக்கு வாராரா?”

“ஞாயிறு தவறமாட்டான். வெளிய உடைமரத்தடியில உக்காந்து கேப்பான்.”

“ஏன் வெளிய?”

“குடுமியோட உள்ள வரப்படாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன்.”

“பெஞ்சாதி, பிள்ளை?”

“அவங்களும் அங்கதான்.”

“மழை பெஞ்சா?”

உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நனைவாங்க.”

பானை தேய்க்கும் சத்தம் நின்றது.

“வர்ற ஞாயிறு உங்க சபையில அசனம், இல்லியா?”

“அதுக்குத்தான் ஐயா ஓடி வந்தேன்.”

வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஒரே அடுப்பில் பொங்கி, சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதுதான் அசனம். அந்தப் பந்தியில் இலை விழுந்தவன் சபைக்காரன். விழாதவன் யாரோ எவனோ.

“மிரட்டுதான் ஐயா. இந்த அசனத்துலயும் எனக்கு இலை போடலன்னா கொழும்புக்குக் கப்பல் ஏறிருவேங்கான். பெஞ்சாதியை அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டுப் போயிருவானாம். எந்தச் சாமியும் வேண்டாங்கான்.”

“அசனத்துக்கு அரிசி குடுத்தாரா?”

“குடுத்தான்.”

“வாங்கினீரா?”

“வாங்கினேன்.”

“அரிசிக்குக் குடுமி இல்லியோ?”

உபதேசியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பிறகு பேச்சை மாற்றுவதற்காகவும், தன் ஊழியம் எப்படிப்பட்டது என்று ஐயருக்குத் தெரியட்டும் என்றும் ஒன்று சொன்னார். ஐயர் அடிக்கடி காய்ச்சலில் கிடந்ததால் சீயோன்விளைப் பக்கம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவருக்கு இது தெரியாது.

“வெட்டின குடுமியை நான் தூரப் போடல ஐயா. ஒவ்வொண்ணையும் நூல்ல கட்டிக் கோயில் உத்திரத்துல தொங்கவிட்டிருக்கேன். சாட்சிக்கு. மிஷன் வெள்ளைக்காரத் துரை வந்து பாத்துட்டு என் முதுகுல தட்டிக் குடுத்தாரு. சனங்களுக்கும் அதும்மேல அப்படி ஒரு பிரியம். எண்ணெய்கூடத் தடவி வைக்காங்கன்னா பாருங்களேன்.”

“எண்ணெயா?”

“ஆமா ஐயா. யாருன்னு தெரியாது. காலம்பற வந்து பாத்தா பளபளன்னு இருக்கும்.”

ஐயர் கையைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார்.

“உபதேசியாரே, நான் உமக்கு முதல்ல மனப்பாடம் பண்ணக் குடுத்தது எது?”

“நிருபம் ஐயா. நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் பண்ணினாத்தான் ரட்சிப்புன்னு சில பேரு போய் ஒரு சபையைக் கலக்கினப்ப, அப்போஸ்தலன் கோவமா எழுதினாரே, அது. நலம் விசாரிக்கக்கூட நேரமில்லாம எழுதினது.”

“ஒப்பியும், கேப்போம்.”

உபதேசியார் கண்ணை மூடிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை தட்டாமல் தடங்காமல் ஒப்பித்தார். விருத்தசேதனம் இருந்தாலும் ஒன்றுமில்லை, இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை என்ற இடம் வந்தபோது குரல் கணீரென்று ஏறியது. அந்த இடம் அவருக்கு எப்போதுமே பிடிக்கும்.

“அந்த ஊர்ல எதை வெட்டச் சொன்னாங்க?”

“மாம்சத்தை ஐயா.”

“நீரு எதை வெட்டச் சொல்லுதீரு?”

“முடியை.”

“ரெண்டும் ஒண்ணா?”

“எப்படி ஐயா ஒண்ணாகும்? அது யூதருக்கு. இது நமக்கு.”

ஐயர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா, அடிக்கப்போகிறாரா என்று உபதேசியாருக்குத் தெரியவில்லை.

“உம்ம பேரு என்ன?”

“என்ன ஐயா, தெரியாத மாதிரி கேக்கீங்க? ஞானசிகாமணி.”

“சிகாமணின்னா குடுமியில சூடுற மணி. அப்ப முதல்ல உம்ம பேரையில்லா வெட்டணும்.”

அவ்வளவுதான். உபதேசியாருக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

“கேலி பண்ணாதீங்க ஐயா! நான் வெட்டினப்ப யாரும் சிரிக்கல. எங்கம்மை நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. அன்னைக்கு எனக்குச் சோறு போடமாட்டேன்னு பானையைக் கவுத்தா. சாகுறவரைக்கும் என் முகத்துல முழிக்கல. கொள்ளி வைக்கப் போனப்ப, குடுமி இல்லாதவன் கிட்ட வராதேன்னு எங்கண்ணன் கம்பை எடுத்தான். தூரத்துல நின்னு புகையைத்தான் பாத்தேன். எனக்கு இதெல்லாம் சும்மாவா கிடைச்சுது? அவனுக்கு மட்டும் ஒண்ணுமில்லாமக் கிடைக்கணுமா?”

கிணற்றடியில் ஈரத்துக்கு வந்திருந்த காக்கை பறந்துபோனது.

ஐயரின் குரல் தணிந்தது.

“உம்மை வெட்டச் சொன்னது நானா?”

“நீங்க சொல்லல. துரை சொன்னாரு.”

“வலிச்சுதா?”

“இன்னும் வலிக்கி ஐயா.”

“அந்த வலியைத்தான் உத்திரத்துல கட்டிவச்சு, அதுக்கு அடியில குனிஞ்சு வரணுமின்னு சொல்லுதீரா?”

உபதேசியார் திரும்பித் தேரிக்காட்டுப் பக்கம் பார்த்தார்.

“போய்ட்டு வாரும். ஞாயித்துக்கிழமை வாரேன்.”

திரும்பி நடக்கும்போது தேரி முழுக்க உபதேசியார் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். ஐயருக்கு வயசு பத்தாது. நாலு எழுத்து கூடப் படிச்சுட்டா ஆச்சா? ஊழியத்தில் உழைக்கிறவனுக்குத் தெரியும் கஷ்டம். இப்படி ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொருத்தனும் குடுமி வளர்ப்பான். அப்புறம் சபை எது, ஊர் எது?

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தார்.

கோயிலுக்குப் பின்னால் அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆராதனை தொடங்க இன்னும் நேரமிருந்தது. பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டும், ஆண்கள் விறகு தள்ளிக்கொண்டும் இருந்தார்கள்.

உடைமரத்தடியில் பேச்சிமுத்து இருந்தான். மனைவி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நடுவில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய ஓலைப்பெட்டி ஒன்று. பயணத்துக்குக் கட்டியது. எண்ணெய் தடவிச் சீவி முடிந்த குடுமி தலையில் திமிராகத்தான் இருந்தது.

“தோத்திரம்” என்றார் ஐயர்.

பேச்சிமுத்து எழுந்து கும்பிட்டான். “தோத்திரம் ஐயா.”

“ஏன் வெளிய இருக்கீரு?”

“உள்ள வரப்படாதுன்னு உத்தரவு.”

“கோவமா?”

“கோவந்தான் ஐயா. மாடனை விட்டேன். சொந்தக்காரனை விட்டேன். தண்ணிக்கு என் பெஞ்சாதி அடுத்த ஊருக்கு நடக்கா. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தா, வாசல்ல நின்னு தலையைத் தடவிப் பாக்காங்க. உங்க சாமி உள்ள மட்டுந்தான் இருக்காருன்னா இப்பமே சொல்லிருங்க, நான் போயிருதேன். வெளியவும் இருப்பாருன்னு நினைச்சுத்தான் ஒரு வருசமா இங்க உக்காந்திருக்கேன்.”

உபதேசியார் பல்லைக் கடித்தார். “ஐயாகிட்டப் பேசுற பேச்சா இது?”

“பின்ன யாருகிட்டப் பேச? நீங்க எங்க பேச விட்டீங்க?”

ஐயர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். கோயில் வாசலுக்கு நடந்தார். வாசற்படியில் நின்று தலைப்பாகையைக் கழற்றினார். வெயிலில் வழுக்கை மின்னியது.

“உபதேசியாரே, வெட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. உள்ள வரலாமா?”

விறகு தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். உபதேசியார் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

கோயில் சின்னது. மண்சுவர், ஓலைக்கூரை. கிழக்குச் சுவரில் மரச்சிலுவை. அதற்கு முன்னால் அப்பமும் ரசமும் வைக்கும் இராப்போஜன மேசை. மேசைக்கு நேர் மேலே போன உத்திரத்தில் வரிசையாகக் குடுமிகள் தொங்கின. காற்றில் ஆடின. வாசலில் நின்று பார்த்தால் சிலுவை தெரியவில்லை. விலக்கினால்தான் தெரியும்.

ஐயர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

உபதேசியார் கையை நீட்டினார். “இது சபை மூப்பருது. இது அவரு மகனுது. இது வண்டிக்காரருது. நடுவுல இருக்கே, அதுதான் என்னுது. முதல்ல வெட்டினது.”

நடுவில் இருந்ததுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பளபளப்பாக இருந்தது. அதிலிருந்து எண்ணெய் சொட்டி மேசைத்துணியில் கறை பிடித்திருந்தது.

ஐயர் அந்தக் கறையை விரலால் தொட்டார். முகர்ந்தார்.

அப்போது தங்கப்பூ உள்ளே வந்தாள்.

தங்கப்பூ ஞானஸ்நானம் பெற்றவள். ஜெபத்துக்குத் தவறாதவள். பாட்டுகளெல்லாம் பாராமல் பாடுவாள். இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. காய்ச்சலில் அதன் கண் செருகியிருந்தது.

“தோத்திரம் ஐயா” என்று ஐயருக்குச் சொன்னாள். உபதேசியாருக்கும் சொன்னாள். நேராக மேசைக்குப் போனாள். மடியிலிருந்து ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டையை எடுத்தாள். அதில் எண்ணெய். விரலால் தொட்டு நடுவில் தொங்கிய குடுமியில் தடவினாள். தடவிய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குழந்தையின் நெற்றியில் வைத்தாள்.

ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. விளக்கேற்றுகிறவள் மாதிரி இயல்பாகச் செய்தாள்.

உபதேசியார் மேசைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

தங்கப்பூ முந்திக்கொண்டாள்.

“உபதேசியாரே, நல்லவேளை இருக்கீங்க. காய்ச்சலுக்கு உங்க குடுமிதான் கேக்கும்னு எல்லாரும் சொல்லுதாங்க. பிள்ளைக்குச் சுகமானா முடி எடுத்து இங்க கட்டுதேன்னு நேந்திருக்கேன். எந்தப் பக்கம் கட்ட?”

“ஏட்டி!”

அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. பின்னாலிருந்து தேங்காய் துருவுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏட்டி, கெட்டுப்போனவளே! இது என்ன மாடன் கோயிலா? முடி நேர்ந்துக்கிட்டா வந்திருக்க? எத்தனை நாளா நடக்கு இது? யாரு உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தா?”

தங்கப்பூ பயந்தாள். ஆனால் அவளுக்கும் கோபம் வந்தது. காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவளை இப்படியா ஏசுவது?

“நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க!”

“நானா?”

“முடியைக் குடுத்தாத்தான் சாமி ஏத்துக்கிடுவாருன்னு சொன்னது யாரு? கோயிலுக்குள்ள கட்டித் தொங்கவிட்டது யாரு? குடுக்காதவனை வெளிய உக்கார வச்சது யாரு? அப்ப இந்தச் சாமிக்கும் முடிதான் வேணும்னு நினைச்சோம். பழைய சாமிக்கும் அதுதான் குடுத்தோம். எங்களுக்கு வேற என்ன தெரியும்? ஊர்ல எல்லாரும்தான் தொடுதாங்க. மூப்பர் பெஞ்சாதியைக் கேட்டுப் பாருங்க. என்னை மட்டும் எதுக்கு ஏசுதீங்க?”

உபதேசியார் திரும்பிப் பார்த்தார். வாசலில் கூடியிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். மூப்பர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

ஐயரைப் பார்த்தார். ஐயர் இன்னும் அந்த எண்ணெய்க் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்காகவா அம்மை முகத்தில் முழிக்காமல் இருந்தது? இதற்காகவா தூரத்தில் நின்று புகையைப் பார்த்தது? மாடனிடமிருந்து பிடுங்கி வந்த சனத்தை, தன் கையாலேயே, தன் குடுமிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. உபதேசியாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார்மேல் எரிகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

மேசைமேல் ஏறினார். எட்டி உத்திரத்து நூலைப் பிடித்து இழுத்தார். அறுந்தது. அடுத்ததை இழுத்தார். மூப்பர் குடுமி, மூப்பர் மகன் குடுமி, வண்டிக்காரர் குடுமி. ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தரையில் எறிந்தார். கடைசியாக நடுவில் இருந்ததைப் பிடித்தார். எண்ணெய் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வந்தது.

அதைத் தூக்கிக் காட்டிக் கோயில் அதிரக் கத்தினார்.

“பாருங்க! எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க! இதுல ஒண்ணுமில்ல! வெட்டினாலும் ஒண்ணுமில்ல, வெட்டாட்டியும் ஒண்ணுமில்ல! இது சாமிக்கு வேண்டாம்! அவரு இதைக் கேக்கவே இல்ல! வெறும் முடி! வெறும் முடி!”



அண்டாவில் சோறு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

உபதேசியார் மேசைமேலேயே நின்றார். கையில் குடுமி. தான் சொன்னது தன் காதில் இப்போதுதான் விழுந்ததுபோல அவர் முகம் மெதுவாக மாறியது.

ஐயர் தங்கப்பூவிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“அன்னைக்கு ஒப்பிச்சீரு. இன்னைக்குத்தான் சொன்னீரு.”

உபதேசியார் இறங்கினார்.

“ஆனா சத்தம் பத்தல உபதேசியாரே. வெளிய ஒருத்தர் இருக்காரு.”

கூட்டம் விலகி வழிவிட்டது. உடைமரம்வரைக்கும் நடப்பது, தேரியைக் கடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பேச்சிமுத்து எழுந்து நின்றிருந்தான். ஓலைப்பெட்டி அவன் கையில் இருந்தது.

உபதேசியார் அவனுடைய முகத்தைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. கண் அவனுடைய குடுமிக்குத்தான் போனது. பிறகு தன் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“பேச்சிமுத்து” என்றார். “இது... வெறும் முடிதான்ப்பா.”

பேச்சிமுத்து பெட்டியை மனைவியிடம் கொடுத்தான். வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான்.

“அதைத்தான உபதேசியாரே, ஒரு வருசமா மழையில நனைஞ்சுக்கிட்டே சொல்லுதேன்!”